எரித்துவிடச் சொன்ன கடிதங்கள்: வாசகர் கேள்வி - பதில்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க அரசியலை மேடைப் பேச்சுகளை வைத்துப் படித்தால் பாதிதான் புரியும், மீதிப் பாதி அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட அந்தரங்கக் கடிதங்களில் இருக்கிறது என்று சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே எழுதியிருந்தேன். ‘இந்தக் கடிதத்தை எரித்துவிடவும்’ என்று எழுதி மாட்டிக்கொண்ட ஒரு தலைவரைப் பற்றியும் கூடவே ஒரு வரி. அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த இதழை நிரப்பிவிட்டன. பல வருஷமாக நான் விரும்பிப் படிக்கிற விஷயம் இது, அதனால் சில பதில்கள் நீளமாகத்தான் இருக்கும்.

கேள்வி: எரிக்கச் சொன்ன அந்தத் தலைவர் யார்? எரிக்கச் சொன்ன கடிதம் ஊருக்கெல்லாம் எப்படித் தெரிந்தது?

பதில்: ஜேம்ஸ் ஜி. பிளெயின். மெயின் மாநிலத்து அரசியல்வாதி, குடியரசுக் கட்சி, 1869 முதல் 1875 வரை பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர், பேச எழுந்தால் கூட்டத்தைக் கட்டிப்போடுகிறவர். அர்க்கன்சாஸில் லிட்டில் ராக் - ஃபோர்ட் ஸ்மித் என்று ஒரு ரயில் கம்பெனி இருந்தது. அரசாங்கம் அதற்குக் கொடுத்திருந்த நிலம் கைநழுவிப் போகாமல் காப்பாற்ற உதவிய ஒரு தீர்ப்பை 1869-ல் சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்து பிளெயின் கொடுத்தார். கொஞ்ச நாளிலேயே அந்தக் கம்பெனியின் பத்திரங்களைத் தன் நண்பர்களிடம் விற்றுக் கமிஷன் வாங்கும் ஏற்பாட்டில் பாஸ்டன் வியாபாரி வாரன் ஃபிஷரோடு இறங்கினார். அப்போது எழுதிய ஒரு கடிதத்தில், இந்த முயற்சியில் நான் டிக்கெட் இல்லாமல் ஏறி உட்கார்ந்த ஆளாக இருக்க மாட்டேன், பயன்படக்கூடிய வழிகள் பல எனக்குத் தெரிகின்றன என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. இன்னொரு கடிதத்தில், சபையில் நான் செய்தது உங்களுக்கு எவ்வளவு உதவியாக இருந்தது பாருங்கள் என்று ஞாபகப்படுத்துகிறார்.

1876-ல் இவர்தான் ஜனாதிபதி வேட்பாளர் என்று நாடே எதிர்பார்த்திருந்த நேரத்தில் சபைக் குழு ஒன்று இதை விசாரிக்க ஆரம்பித்தது. ஃபிஷரிடம் கணக்கராக இருந்த ஜேம்ஸ் மல்லிகன் என்பவர் அந்தக் கடிதங்களைக் கையோடு எடுத்துக்கொண்டு வாஷிங்டன் வந்து இறங்கினார். மே 31 அன்று ரிக்ஸ் ஹவுஸ் ஓட்டலில் பிளெயின் அவரைப் போய்ப் பார்த்தார். கெஞ்சினார், குடும்பமே அழிந்துவிடும் என்றார், தற்கொலை வரைக்கும் பேசினார் என்று மல்லிகன் பிறகு சாட்சி சொன்னார். கடைசியில், படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கடிதக் கட்டை வாங்கியவர் திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஜூன் 5 அன்று அதே கட்டைச் சபையில் தூக்கிக் காட்டி, தனக்கு வேண்டிய வரிசையில், வேண்டிய விளக்கத்தோடு, பகுதி பகுதியாகப் படித்தார். மாடத்தில் இருந்தவர்கள் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். ஆனாலும் வேட்பாளர் வாய்ப்பு ஹேய்ஸுக்குப் போனது.

சரி, எரிக்கச் சொன்ன கடிதம் எங்கே என்று கேட்பீர்கள். அது எட்டு வருஷம் கழித்து வந்தது. 1884-ல் பிளெயின் ஒருவழியாக வேட்பாளராகி நின்ற போது, செப்டம்பரில் இன்னும் சில கடிதங்கள் பத்திரிகைக்குப் போயின. அதில் ஒன்று 1876 ஏப்ரல் 16 தேதியிட்டது. பிளெயின் குற்றமற்றவர், எல்லாமே வெளிப்படையாக நடந்தது என்று ஃபிஷர் பிளெயினுக்கு எழுதுவது போன்ற ஒரு கடிதத்தைப் பிளெயினே எழுதி, இதைப் பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்புங்கள் என்று ஃபிஷருக்கு அனுப்பியிருக்கிறார். யாரிடமும் காட்ட வேண்டாம், உங்கள் மனைவிக்கு என் வணக்கம், அப்புறம் ‘எரித்துவிடவும்’. தேர்தல் ஊர்வலங்களில் எதிர்க்கட்சிக்காரர்கள் ‘எரி, எரி, இந்தக் கடிதத்தை எரி’ என்று தாளம் போட்டுக்கொண்டே போனார்கள். 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவான நியூயார்க் மாநிலத்தைப் பிளெயின் ஏறத்தாழ ஆயிரத்து நூறு வாக்கில் இழந்தார், அதோடு ஜனாதிபதி பதவியும் குரோவர் கிளீவ்லண்டிடம் போனது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. கடைசி வாரத்தில் ஒரு பாதிரியார் அவர் முன்னிலையில் கத்தோலிக்கர்களைப் புண்படுத்திப் பேசியது அதில் பெரியது. ஆனால் ஆயிரத்து நூறு என்பது எவ்வளவு சின்ன வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு ஆபத்து என்று தெரிந்தும் ஏன் எழுதினார்கள்? வாங்கினவர்கள் ஏன் எரிக்கவில்லை? நேரில் பேசி முடித்துக்கொள்ள வேண்டியதுதானே?

பதில்: இந்த விஷயத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

நேரில் பேச முடியாது என்பது முதல் காரணம். தலைவர் வாஷிங்டனில் இருப்பார், கட்சியை நடத்துகிறவர் நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியில், பணம் போடுகிறவர் நியூயார்க்கிலோ பாஸ்டனிலோ. 1844-க்குப் பிறகு தந்தி வந்தது. ஆனால் தந்தியில் கொடுக்கிற சேதியை அதை அடிக்கிற ஆள் படித்துவிடுவார். அரக்கு முத்திரை வைத்த கடிதம் அந்த அளவுக்குத் திறந்து கிடப்பதில்லை. 1845-க்கு முன்னால் 400 மைலுக்கு மேல் போகிற ஒரே ஒரு தாளுக்கு 25 சென்ட் கட்டணம், இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. அதனால்தான் உறை போடாமல் அதே தாளை மடித்து வெளிப்புறத்தில் விலாசம் எழுதினார்கள். காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர்கள், போஸ்ட்மாஸ்டர்கள் போன்ற சிலர் மட்டும் கையெழுத்துப் போட்டு இலவசமாக அனுப்பலாம். ஒரு கட்சியின் கையில் போஸ்ட்மாஸ்டர்கள் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதற்கு இது ஒரு காரணம். ஆண்ட்ரூ ஜாக்சன் 1829-ல் ஜனாதிபதியாகப் பதவிக்கு வந்த முதல் வருஷத்திலேயே 400-க்கும் மேற்பட்ட போஸ்ட்மாஸ்டர்கள் மாற்றப்பட்டார்கள். ஊருக்குள் வருகிற கடிதம், பத்திரிகை எல்லாம் அந்த ஒரு ஆளின் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். முத்திரையை நம்பாதவர்கள் முக்கியமான கடிதத்தைத் தபாலில் போடாமல் நம்பிக்கையான ஆளிடம் கொடுத்தனுப்பினார்கள்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். பதவி வாங்கித் தருகிறேன் என்ற வாக்குக்குச் சட்டத்தில் மதிப்பு கிடையாது. கோர்ட்டுக்குப் போய் ‘எனக்குச் சுங்க வேலை தருவதாகச் சொன்னார், தரவில்லை’ என்று வழக்குப் போட முடியாது. அப்போது உங்கள் கையில் இருக்கிற ஒரே பிடி அவர் கைப்பட எழுதிய கடிதம்தான். பத்திரம் எழுதிக் கொடுக்காத கடனுக்கு இதுவே அடமானம். எரித்துவிடவும் என்று எழுதினால் எரிப்பவர் அந்த அடமானத்தைத் தானே அழித்துக்கொள்கிறார், ஆகவே எரிக்க மாட்டார், இன்னும் பத்திரமாக வைப்பார். அந்தக் காலத்து வழக்கப்படி கடிதத்தை நீளவாக்கில் மடித்து, பின்பக்கம் அனுப்பினவர் பெயரும் தேதியும் ஒரு வரிச் சுருக்கமும் எழுதிக் கட்டுக் கட்டாகக் கட்டி வைத்தார்கள். எழுதினவரும் சும்மா இல்லை. ஈரத் தாளை வைத்து அழுத்திப் பிரதி எடுக்கிற இயந்திரம் இருந்தது, தான் அனுப்பியதன் நகலைப் பெரிய புத்தகமாகச் சேர்த்து வைத்தார். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் நம்பாததால்தான் இன்றைக்கு நமக்குப் படிக்க இவ்வளவு கிடைக்கிறது.

கேள்வி: பதவி பேரத்தை அப்பட்டமாகக் காட்டுகிற ஒரு கடிதத் தொகுப்பு சொல்லுங்கள். முதலில் எதைப் படிக்கலாம்?

பதில்: யோசிக்காமல் சொல்வேன், ஜெஸ்ஸி ஹோய்ட் என்ற நியூயார்க் வழக்கறிஞருக்கு வந்த கடிதங்கள். அவை கிடைத்த விதமே ஒரு கதை.

நியூயார்க் துறைமுகச் சுங்கக் கலெக்டர் பதவியைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அன்றைக்கு வருமான வரி கிடையாது, மத்திய அரசின் வருவாயில் பெரும்பகுதி இறக்குமதிச் சுங்கம், அதில் பெரும்பங்கு வசூலாவது இந்த ஒரு துறைமுகத்தில். நூற்றுக்கணக்கான வேலைகளைக் கையில் வைத்திருக்கிற நாற்காலி. ஜாக்சன் பதவியேற்று பத்தே நாளில், 1829 மார்ச் 14 அன்று, சாமுவேல் ஸ்வார்ட்வவுட் என்பவர் வாஷிங்டனிலிருந்து ஹோய்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். முந்தைய ஜனாதிபதி ஆடம்ஸைப் பதவியில் வைத்திருக்கத் தன் வேலையைப் பயன்படுத்திய எந்த அயோக்கியனுக்கும் தூக்குக் கயிற்றைத் தவிர வேறு கருணை கூடாது என்கிறார். கொள்ளைப் பொருளுக்காக எல்லாரும் முட்டி மோதுகிற இந்த நேரத்தில் எனக்கு ஏதாவது கிடைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும், ஆனால் கிடைக்கும் என்றே நினைக்கிறேன் என்கிறார். ‘கொள்ளைப் பொருள்’ என்பது நான் போட்ட வார்த்தை இல்லை, அவர் எழுதியது.

கிடைத்தது. வெளியுறவுச் செயலாளராக இருந்த மார்ட்டின் வான் பியூரன் வேண்டாம் என்று எச்சரித்தும் ஜாக்சன் அவரையே கலெக்டர் ஆக்கினார். இந்த ஸ்வார்ட்வவுட் புதிய ஆள் இல்லை. 1806-ல், தேசத்துரோகச் சதி செய்ததாகச் சொல்லப்பட்ட முன்னாள் துணை ஜனாதிபதி ஆரன் பர் தளபதி வில்கின்சனுக்கு அனுப்பிய சங்கேதக் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், அதற்காகக் கைதாகி, 1807-ல் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டவர். இப்படிப்பட்டவர் ஒன்பது வருஷம் சுங்க நாற்காலியில் இருந்தார். 1838-ல் இங்கிலாந்துக்குப் போய்விட்ட பிறகு கணக்குப் பார்த்தால் 12 லட்சம் டாலருக்கு மேல் காணோம். பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுவதற்கு அவர் பெயரையே வினைச்சொல்லாக்கிப் பத்திரிகைகள் கொஞ்ச காலம் எழுதின. அவருக்கு அடுத்து அதே நாற்காலியில் உட்கார்ந்தவர் யார்? அந்தக் கடிதத்தை வாங்கிப் பத்திரப்படுத்திய அதே ஜெஸ்ஸி ஹோய்ட். 1841-ல் அவரும் கணக்குக் குளறுபடிக் குற்றச்சாட்டோடு வெளியேறினார். போகும்போது பெட்டி நிறையக் கடிதங்களை அலுவலகத்திலேயே விட்டுவிட்டார்.

அந்தப் பெட்டி யார் கையில் கிடைத்தது என்பதுதான் அதிசயம். வில்லியம் லையன் மெக்கன்சி. டொராண்டோவின் முதல் மேயர், 1837-ல் ‘மேல் கனடா’ என்று அழைக்கப்பட்ட இன்றைய ஒன்டாரியோ பகுதியில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கலகம் செய்து தோற்று அமெரிக்காவுக்கு ஓடி வந்தவர். வந்த இடத்தில், அமெரிக்க மண்ணிலிருந்து அண்டை நாட்டின் மேல் படையெடுக்கக் கூடாது என்ற நடுநிலைச் சட்டத்தை மீறினார் என்று வான் பியூரன் ஜனாதிபதியாக இருந்த காலத்தில் ராச்செஸ்டர் சிறையில் மாதக்கணக்கில் கிடந்தவர். வயிற்றுப் பிழைப்புக்கு நியூயார்க் சுங்க அலுவலகத்தில் ஒரு சின்ன வேலை கிடைத்தது. அங்கே, தன்னைச் சிறையில் வைத்திருந்த வான் பியூரனும் அவர் கூட்டாளிகளும் ஹோய்ட்டுக்கு எழுதிய கடிதங்கள் கண்ணில் பட்டன. யாருக்கு எந்த வேலை, எந்த வங்கிக்கு அரசாங்கப் பணம், தேர்தல் முடிவின் மேல் யார் எவ்வளவு பந்தயம் கட்டுவது, எல்லாம் அதில் இருந்தன. 1845-ல் வேலையை விட்டுவிட்டு அவற்றை அச்சில் போட்டார்.

கேள்வி: அடுத்தவர் கடிதத்தை எடுத்து அச்சடிப்பது முறையா? நீங்கள் மெக்கன்சியைப் பாராட்டுகிற மாதிரி இருக்கிறதே?

பதில்: நியாயமான கேள்வி. இதில் என் மனசு முழுக்க ஒரு பக்கம் சாய்வதில்லை. மெக்கன்சி தேர்ந்தெடுத்துப் போடவில்லை, கிடைத்ததில் இருந்த குடும்ப விஷயங்களையும் சேர்த்துப் போட்டார், சொந்தக் கோபமும் அவருக்கு இருந்தது. அரசாங்க வேலையை எப்படிப் பங்கு போட்டார்கள் என்று காட்டுகிற கடிதம் பொதுச் சொத்து என்று நான் நினைக்கிறேன். மனைவி மக்கள் சம்பந்தப்பட்டது அப்படி இல்லை. அந்தக் கோட்டை அவர் மதிக்கவில்லை.

ஹோய்ட் கோர்ட்டுக்குப் போய் விற்பனைக்குத் தடை வாங்கினார். வழக்கு 1848-ல் நியூயார்க் மாநிலத்தின் உயர் நீதிபதியான சான்சலர் வால்வொர்த் முன்னால் முடிந்தது. கடிதங்கள் கிடைத்த விதத்தை அவரும் கண்டித்தார். ஆனால், எழுதினவருக்கு இலக்கியச் சொத்து என்று சொல்லிக்கொள்ள இந்தக் கடிதங்களில் ஒன்றும் இல்லை, ஆகவே தடை நிற்காது என்று தீர்ப்பளித்தார். கடிதம் யாருடைய சொத்து என்ற கேள்விக்கு அமெரிக்கச் சட்டத்தில் பிற்பாடு அடிக்கடி பேசப்பட்ட வழக்கு இது.

கேள்வி: ‘வென்றவனுக்கே கொள்ளைப் பொருள்’ என்று சொன்னது ஜாக்சன்தானே?

பதில்: இல்லை, வில்லியம் எல். மார்சி, நியூயார்க் செனட்டர், 1832 ஜனவரியில் செனட் விவாதத்தில் சொன்னது. தோற்ற எதிரியின் உடைமை வென்றவனுக்குச் சேரும் என்பதில் தவறில்லை என்று எங்கள் ஊர் அரசியல்வாதிகள் வெளிப்படையாகவே நினைக்கிறார்கள் என்றார். ஜாக்சன் சொன்னது வேறு மாதிரி. அரசாங்க வேலை யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய எளிய வேலை, ஒருவரே நெடுங்காலம் இருக்கக் கூடாது, சுழற்சி வேண்டும் என்பது அவர் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தச் சுழற்சி ஸ்வார்ட்வவுட்டைக் கொண்டுவந்து உட்கார வைத்தது.

கேள்வி: ஹொரேஸ் கிரீலி நட்பை முறித்துக்கொண்டு எழுதிய கடிதத்தைப் பற்றி எங்கோ படித்தேன். பத்திரிகை ஆசிரியருக்கும் பதவி ஆசையா?

பதில்: எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிற கடிதம் அது. நியூயார்க் மாநிலத்தில் மூன்று பேர் ஒரு கூட்டணி: தேர்தலில் நிற்பவர் வில்லியம் சீவர்ட், பின்னால் இருந்து காய் நகர்த்துபவர் ஆல்பனி பத்திரிகை ஆசிரியர் தர்லோ வீட், எழுதிப் பரப்புபவர் நியூயார்க் டிரிபியூன் ஆசிரியர் கிரீலி. 1854 நவம்பர் 11 அன்று கிரீலி சீவர்ட்டுக்கு எழுதினார்: சீவர்ட், வீட், கிரீலி என்ற அரசியல் கம்பெனி, இளைய பங்குதாரர் விலகுவதால் கலைகிறது. கம்பெனி என்ற வார்த்தையை அவரே போடுகிறார், அதுவே எவ்வளவோ சொல்லிவிடுகிறது.

பின்னால் நீளமாகக் கணக்கு வருகிறது. வறுமையில் இருந்த இளைஞனாகக் கட்சிப் பத்திரிகை நடத்திக் கொடுத்தேன், வருஷத்துக்கு ஆயிரம் டாலர். 1840-ல் ஜனாதிபதித் தேர்தல் ஜெயிக்க இரவு பகலாக உழைத்தேன். ஜெயித்ததும் வேலைகள் வாரி வழங்கப்பட்டன, கிரீலி ஏழை, அவனுக்கும் ஏதாவது செய்யலாமே என்று உங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நான் கேட்கவில்லை, ஆனால் என்னை நியூயார்க் நகரப் போஸ்ட்மாஸ்டர் ஆக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்கிறார். 1854-ல் துணை ஆளுநர் வேட்பாளர் வாய்ப்பை அவருக்குக் கொடுக்காமல், போட்டிப் பத்திரிகையான நியூயார்க் டைம்ஸின் ஹென்றி ரேமண்டுக்குக் கொடுத்தது கடைசி அடி. அடிமை முறைக்கு எதிராக அவ்வளவு தைரியமாக எழுதிய மனிதர், லட்சக்கணக்கானவர்கள் படித்து நம்பிய ஆசிரியர், உள்ளுக்குள் பல வருஷப் பதவிக் கணக்கைச் சுமந்துகொண்டிருந்தார். நல்லவர்களையும் இந்த முறை எப்படி வளைத்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது.

சீவர்ட் அந்தக் கடிதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1860 மே மாதம் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடிய குடியரசுக் கட்சியின் சிகாகோ மாநாட்டில் சீவர்ட்தான் ஜெயிப்பார் என்று எல்லாரும் இருக்க, ஆரிகான் பிரதிநிதியாக வந்து இறங்கிய கிரீலி அவருக்கு எதிராக வேலை செய்தார். மூன்றாவது சுற்றில் ஆபிரகாம் லிங்கன் வேட்பாளர் ஆனார். உடனே ரேமண்ட், இதெல்லாம் பழைய பதவிக் கோபம், கடிதமே இருக்கிறது என்று எழுதினார். கிரீலி கடிதத்தைத் திருப்பி வாங்கித் தன் பத்திரிகையிலேயே முழுசாகப் போட்டுவிட்டார். மறைக்காமல் போட்டதற்காக அவரை மதிக்கிறேன்.

கேள்வி: ஒரு கடிதத்தால் ஜனாதிபதியும் துணை ஜனாதிபதியும் விரோதிகள் ஆனார்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மை. 1818-ல் தளபதியாக இருந்த ஜாக்சன் ஸ்பெயினின் ஃபுளோரிடாவுக்குள் படையோடு புகுந்தார். அன்றைய போர்த்துறைச் செயலாளர் கால்ஹூன் அமைச்சரவையில் தனக்காகப் பேசினார் என்று ஜாக்சன் பன்னிரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தார். 1830 ஏப்ரல் 30 அன்று, அதே அமைச்சரவையில் இருந்த வில்லியம் கிராஃபோர்ட் ஒரு கடிதம் எழுதி உண்மையைப் போட்டுடைத்தார். ஜாக்சனை விசாரிக்க வேண்டும் என்று சொன்னதே கால்ஹூன்தான். அந்த நேரம் கால்ஹூன் ஜாக்சனின் துணை ஜனாதிபதி. கடிதத்தை அவருக்கே அனுப்பி ஜாக்சன் விளக்கம் கேட்டார், பக்கம் பக்கமாகப் பதில் வந்தது, 1831 பிப்ரவரியில் கால்ஹூன் மொத்தக் கடிதப் போக்குவரத்தையும் அச்சில் போட்டார். எல்லாம் வான் பியூரன் கோஷ்டியின் உள்ளடி வேலை என்பது அவர் எண்ணம். அடுத்த வருஷம் வான் பியூரனின் லண்டன் தூதர் நியமனம் செனட்டில் சரிசமமாக வந்து நின்றபோது செனட்டுக்குத் தலைமை தாங்குகிறவர் என்ற முறையில் தன் ஒற்றை ஓட்டால் அதைத் தோற்கடித்தார். அதே வருஷம் வான் பியூரன் துணை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், கால்ஹூன் பதவியை விட்டே விலகினார்.

கேள்வி: இதெல்லாம் பெரிய மனிதர்கள் சண்டை. சாதாரண குமாஸ்தாவுக்கும் கடிதத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: அவர்களுக்குத்தான் நேரடி சம்பந்தம். ஒரு சின்ன வேலைக்குக்கூடத் தொகுதி உறுப்பினரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். உள்நாட்டுப் போர்க் காலத்தில் கருவூலத் துறை பெண்களை வேலைக்கு எடுக்க ஆரம்பித்தது, அவர்களில் போரில் கணவனை, தந்தையை இழந்தவர்கள் நிறையப் பேர். 1866-ல் அவர்களுக்கு வருஷச் சம்பளம் 900 டாலர், ஆண் குமாஸ்தாக்களுக்கு 1,200-லிருந்து 1,800 வரை. இந்த 900-க்கு ஒரு விதவை எத்தனை பெரிய மனிதர்களுக்குப் பணிந்து எழுத வேண்டியிருந்தது என்பதை அந்த விண்ணப்பக் கட்டுகளைப் பார்த்தால் தெரியும். எங்கள் குடும்பம் எந்தக் கட்சி, யார் யார் போரில் செத்தார்கள், எத்தனை குழந்தைகள் என்று ஒவ்வொன்றிலும் முழு வாழ்க்கையையும் எடுத்து வைக்க வேண்டும்.

வேலை கிடைத்த பிறகு வேறு மாதிரிக் கடிதம் வரும். தேர்தல் வருஷத்தில் கட்சிக் குழு ஒவ்வோர் ஊழியருக்கும் சுற்றறிக்கை அனுப்பும்: சம்பளத்தில் 2 சதவீதம் அளவுக்கு ‘மனமுவந்த’ நன்கொடை தாருங்கள். தராவிட்டால் என்ன ஆகும் என்று எழுத மாட்டார்கள், எழுதத் தேவையும் இல்லை. 1880-ல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக இருந்த ஜேம்ஸ் கார்ஃபீல்டே வசூல் குழுத் தலைவர் ஹபெலுக்கு எழுதிய கடிதத்தில், துறைகளில் எப்படிப் போகிறது என்று எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். அந்தக் கடிதமும் பிறகு பத்திரிகையில் வந்தது. கார்ஃபீல்ட் படித்தவர், பண்பானவர், அதனால் அந்த வரியைப் படிக்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

கேள்வி: போலிக் கடிதங்கள் உண்டா?

பதில்: உண்டு. 1880 அக்டோபரில், தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சீனத் தொழிலாளர் வருகையை ஆதரித்து கார்ஃபீல்ட் மோரி என்பவருக்கு எழுதியதாக ஒரு கடிதம் நியூயார்க்கில் வெளியானது. முழுக்க முழுக்கப் பொய். கையெழுத்து கள்ளம், அப்படி ஒரு மோரியையே கண்டுபிடிக்க முடியவில்லை. கார்ஃபீல்ட் மறுத்தார், ஜெயித்தும் விட்டார், ஆனால் சீனத் தொழிலாளருக்கு எதிர்ப்பு அதிகமாக இருந்த கலிஃபோர்னியா சொற்ப வாக்கில் கைவிட்டுப் போனது. நிஜக் கடிதங்கள் அத்தனை வெளிவந்திருந்ததால்தான் பொய்யையும் ஜனங்கள் நம்பினார்கள்.

கேள்வி: இந்த முறை எப்போது முடிவுக்கு வந்தது? எல்லாமே மோசமான கடிதங்கள்தானா, நல்லதாக ஒன்றுமே இல்லையா?

பதில்: இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே மனிதரிடம் வந்து சேர்கின்றன.

செஸ்டர் ஆர்தர் 1871-லிருந்து 1878 வரை நியூயார்க் சுங்கக் கலெக்டர், ஸ்வார்ட்வவுட், ஹோய்ட் உட்கார்ந்த அதே நாற்காலி. செனட்டர் ரோஸ்கோ காங்க்லிங்கின் வலது கை. அபராதத்தில் பங்கெல்லாம் சேர்த்து ஆரம்ப வருஷங்களில் அவர் வருமானம் ஏறக்குறைய 50,000 டாலர், ஜனாதிபதியின் சம்பளத்துக்குச் சமம். ஜனாதிபதி ஹேய்ஸ் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். இரண்டு வருஷத்தில், கோஷ்டிகளைச் சமாதானப்படுத்த, அவரையே கார்ஃபீல்டின் துணை ஜனாதிபதி ஆக்கினார்கள். 1881 ஜூலை 2 அன்று சார்லஸ் கீட்டோ என்பவன் கார்ஃபீல்டைச் சுட்டான். பாரிஸ் தூதரகப் பதவி வேண்டும் என்று மாதக்கணக்கில் வெள்ளை மாளிகைக்கும் வெளியுறவுத் துறைக்கும் கடிதம் மேல் கடிதம் எழுதி, அலைந்து, கடைசியில் வெளியுறவுச் செயலாளரிடம் இனி என்னிடம் இதைப் பேசாதே என்று திட்டு வாங்கியவன். அந்தச் செயலாளர் நாம் முதலில் பார்த்த பிளெயின்தான். காங்க்லிங்கின் கையாள் ஜனாதிபதி ஆகப்போகிறாரே என்று நாடே பயந்தது.

கார்ஃபீல்ட் இன்னும் சாகவில்லை. ஆகஸ்ட் 27 அன்று ஜூலியா சாண்ட் என்ற பெண் நியூயார்க்கிலிருந்து ஆர்தருக்கு ஒரு கடிதம் எழுதினார். வயது 31, நோயாளி, வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாதவர், அரசியலில் யாரையும் தெரியாது. நீங்கள் ஜனாதிபதி ஆவதை ஜனங்கள் திகிலோடு பார்க்கிறார்கள் என்று அவருக்கே எழுதுகிறார். தவறே செய்யாதவர்தான் உயர்ந்தவர் என்று இல்லை, தவறை உணர்ந்து உறுதியாக அதற்கு எதிராகத் திரும்புவதும் உயர்வுதான், சீர்திருத்துங்கள் என்கிறார். தனக்கு வேலை கேட்கவில்லை, தம்பிக்குக் கேட்கவில்லை, சிபாரிசு இல்லை. ஜனாதிபதியின் தபால் பை முழுக்க ‘எனக்கு’ என்று வந்துகொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு கடிதம். 1883 வரை தொடர்ந்து எழுதினார். கிடைத்திருப்பவை 23. திட்டுவார், பாராட்டுவார், உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்.

1882 ஆகஸ்ட் 20 அன்று மாலை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஆர்தர் அவர் வீட்டுக்கே வந்து நின்றார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். 1883 ஜனவரி 16 அன்று அவர் பென்டில்டன் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். சில வேலைகளுக்குத் தேர்வு எழுதித்தான் வர வேண்டும், ஊழியர்களிடம் கட்சி வசூல் கூடாது. அதில் ஒரு பிரிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். தேர்வு வேலைக்கு விண்ணப்பிப்பவரின் நடத்தை, வசிக்கும் இடம் பற்றித் தவிர, செனட்டரோ சபை உறுப்பினரோ தருகிற எந்தச் சிபாரிசையும் வாங்கக் கூடாது, கணக்கில் எடுக்கக் கூடாது. முதலில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. மற்றதெல்லாம் மெதுமெதுவாகப் பல பத்தாண்டுகளில் வந்து சேர்ந்தது. அந்த மாற்றத்துக்கு அந்தப் பெண்ணின் கடிதங்கள்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கார்ஃபீல்டின் மரணம், 1882 காங்கிரஸ் தேர்தலில் குடியரசுக் கட்சியின் தோல்வி இரண்டும் பெரிய காரணங்கள்.

ஆனால் இதை மட்டும் சொல்கிறேன். 1886 நவம்பரில், சாவதற்குச் சற்று முன்னால், ஆர்தர் தன் காகிதங்களையெல்லாம் எரிக்கச் சொன்னார். சுங்க அலுவலகக் காலத்துக் கடிதங்கள், காங்க்லிங் கூட்டத்தின் கணக்குகள், ஏறக்குறைய எல்லாமே சாம்பலாகிவிட்டன. ஜூலியா சாண்டின் 23 கடிதங்கள் ஆர்தரின் பேரனிடம் பத்திரமாக இருந்தன. இப்போது அவை வாஷிங்டனில், காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன.